சென்ட்ரல் பார்க்கில் 16 நாள் நின்ற 7,503 வாயில்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு

2005 பிப்ரவரி 12 முதல் 27 வரை நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் 7,503 வாயில்கள் நின்றன. கதவில்லாத நிலைவாசல் மாதிரி இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதிலிருந்து தொங்கும் காவி நிறத் துணி. அவ்வளவுதான். பூங்காவின் நடைபாதைகளில் 37 கிலோமீட்டர் தூரத்துக்கு அவை வரிசையாக நீண்டன. 16 நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். 'தி கேட்ஸ்' என்ற அந்தப் படைப்பை உருவாக்கியவர்கள் கிறிஸ்டோ, ஜான்-கிளாட் என்ற கணவன் மனைவி.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 16 நாளைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய 26 ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. படைப்பின் முழுப் பெயரிலேயே '1979–2005' என்று கலைஞர்கள் போட்டிருக்கிறார்கள். காத்திருந்த காலமும் கூட்டங்களும் மறுப்பும் படைப்பில் சேர்த்திதான் என்பது அவர்கள் கணக்கு. பொது இடத்தில் கலைப்படைப்பு வைக்க அனுமதி கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உதவக்கூடிய விஷயம் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

கலைஞர்களைத் தவிர வேறு யார் பெயரும் இந்தக் குறிப்பில் வராது. ஆணையர், மேயர், நடைக்கு வந்தவர் என்று அவரவர் நின்ற இடத்தைச் சொன்னால் போதும்.

பின்னணி: பூங்கா அப்போது இருந்த நிலை

சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். அதன் வடிவமைப்பு 1858இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பார்க்கிறவருக்குக் காடும் புல்வெளியும் ஏரியும் தானாக அமைந்தது போலத் தெரியும். ஆனால் ஏறக்குறைய எல்லாமே திட்டம் போட்டு, மண்ணை வெட்டி, நட்டு உருவாக்கியவை. அதனால் பூங்காவைப் பராமரிப்பவர்களில் பலருக்கு அந்த இடமே ஒரு முடிந்த கலைப்படைப்பு. முடிந்த படைப்பின் மேல் இன்னொருவர் வந்து தன் படைப்பைப் போர்த்துவதா என்ற கேள்வி கடைசிவரை எதிர்ப்பின் அடியில் இருந்துகொண்டே இருந்தது.

1970களில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் அளவுக்குப் போய் மீண்டது. அந்தப் பத்தாண்டில் அடி வாங்கியவற்றில் பூங்காவும் ஒன்று. புல்வெளிகள் வெறும் மண்ணாகிவிட்டன. சுவரிலும் பாலத்திலும் கிறுக்கல். இருட்டிய பிறகு உள்ளே போகப் பலரும் தயங்கினார்கள். நன்கொடை திரட்டிப் பூங்காவைச் சீரமைக்க 1980இல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற தனியார் அறக்கட்டளை தொடங்கியது. சீரமைப்பு அப்போதுதான் மெல்ல ஆரம்பித்திருந்தது.

கலைஞர்கள் திட்டத்தோடு வந்தது சரியாக அந்த நேரத்தில்.

முதல் முன்மொழிவு

கிறிஸ்டோவும் ஜான்-கிளாடும் 1964 முதல் நியூயார்க்வாசிகள். 1979இல் வரையத் தொடங்கி, அடுத்த ஆண்டு முறைப்படி விண்ணப்பித்தார்கள். முதல் திட்டம் பின்னால் நடந்ததைவிடப் பெரியது. வாயில்கள் 10 ஆயிரத்துக்கும் மேல். காலம் இலையுதிர் பருவம். தூண்களை நிறுத்தத் தரையில் துளை போட வேண்டும்.

செலவு முழுவதும் தங்களுடையது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். படைப்புக்கு முன்னால் தீட்டும் ஓவியங்களையும் ஒட்டுப்படங்களையும் விற்று அந்தப் பணத்தில் திட்டத்தை நடத்துவது இவர்களுடைய நிலையான முறையாக இருந்தது. விளம்பரதாரர் கிடையாது, அரசுப் பணமும் கிடையாது. பூங்காவைச் சுற்றியுள்ள பகுதிகளின் சமூக வாரியக் கூட்டங்களுக்கும் போய் விளக்கினார்கள்.

முதல் முடிவு: பிப்ரவரி 1981

பூங்கா ஆணையர் மறுத்தார். ஒற்றைப் பக்கக் கடிதமாக இல்லை, நூறு பக்கத்தைத் தாண்டும் அறிக்கையாக. இடம், காலம், அளவு மூன்றும் பொருந்தவில்லை என்பது அதன் சாரம்.

இந்த மறுப்பை, கலை புரியாத அதிகாரி குறுக்கே நின்ற கதையாகப் பின்னால் பலர் எழுதிவிட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1981இல் அது சரியான முடிவு. ஆயிரக்கணக்கான துளைகள் என்றால் மர வேர்களுக்கும், தரைக்கடியில் போகும் குழாய்களுக்கும் ஆபத்து. இலையுதிர் காலம் பூங்காவில் வழக்கமாகவே கூட்டம் சேரும் பருவம், பறவைகள் வலசை போகும் பருவமும் கூட. அப்போதுதான் புல் போட்டுக்கொண்டிருக்கும் தரை பல லட்சம் கால்களைத் தாங்காது. இதற்கு அனுமதி கொடுத்தால் அடுத்து வருகிறவரிடம் எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்பது என்ற கவலையும் இருந்தது. கடைசியாகச் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடலாம்தான், ஆனால் பொது நிலத்தின் பொறுப்பில் இருக்கிறவர் யாரும் அப்படித் தள்ள மாட்டார்.

கவனிக்க வேண்டியது, மறுப்பு எழுத்தில் காரணங்களோடு இருந்தது. துணி அசிங்கமாக இருக்கிறது என்ற ரசனைத் தீர்ப்பாக மட்டும் அது இருந்திருந்தால் கலைஞர்கள் பதிலுக்கு ரசனையைத்தான் வாதாடியிருக்க முடியும். துளை, பருவம், கூட்டம், முன்னுதாரணம் என்று இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தேட முடிந்தது. 2005இல் நின்ற வடிவத்தில் பாதியை அந்த ஆணையர்தான் வடிவமைத்தார் என்று சொன்னால் கலைஞர்களின் ரசிகர்கள் கோபப்படுவார்கள். இருந்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அதே ஊர், அதே ஆண்டு, எதிர்த்திசையில் ஒரு முடிவு

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இன்னொரு நிகழ்வு அதே நகரில் அமைந்தது. 1981இல், மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில் உள்ள ஃபெடரல் பிளாசா என்ற சதுக்கத்தில், சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' நிறுவப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம், சற்றே சாய்ந்து நிற்கும் ஒரு துருப்பிடித்த எஃகுச் சுவர். மத்திய அரசின் கலைத் திட்டத்தில் வாங்கிய நிரந்தரப் படைப்பு அது.

சதுக்கத்தைத் தினமும் கடந்து அலுவலகம் போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. சுவர் நின்ற பிறகுதான் அவர்கள் குரல் எழுந்தது: நடக்கும் வழி மறிக்கிறது, உட்கார இடமில்லை, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. 1985 மார்ச்சில் பொது விசாரணை நடந்தது. சுவர் இருக்கட்டும் என்று பேசியவர்கள் 122 பேர், அகற்றச் சொன்னவர்கள் 58 பேர். ஆனாலும் அகற்றவே முடிவானது. வழக்குகள் முடிந்து 1989 மார்ச்சில் ஓர் இரவில் அதைத் துண்டுகளாக்கி எடுத்துப் போனார்கள்.

இந்த எண்கள் சங்கடமானவை. பேச வந்தவர்களில் பெரும்பான்மை ஒரு பக்கம், தீர்ப்பு மறுபக்கம். ஆனால் பேச வருகிறவர்களும் தினமும் அந்த வழியே நடக்கிறவர்களும் ஒரே கூட்டம் இல்லை என்பதையும் இதே நிகழ்வுதான் காட்டுகிறது. கலை உலகம் விசாரணைக்குத் திரண்டு வரும். வழி மறைக்கப்பட்ட எழுத்தர் வேலைக்குப் போயிருப்பார். மக்கள் கருத்து என்று ஒரு கூட்டத்தில் கைகளை எண்ணி முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்து என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

ஒன்று முன்பே மறுக்கப்பட்டுக் காத்திருந்தது. மற்றது கேட்காமல் வந்து பிறகு அகற்றப்பட்டது. 26 ஆண்டு காத்திருந்தது கலைஞர்களுக்குக் கொடுமையாக இருந்திருக்கலாம், பூங்காவுக்கு அது லாபம்.

இடைக்காலம்: 1981 முதல் 2002 வரை

இந்த 20 ஆண்டில் இரண்டு பக்கமும் மாறின.

பூங்கா தேறியது. 1997இல் கிரேட் லான் என்ற பெரிய புல்வெளி முழுவதுமாகச் சீரமைக்கப்பட்டுத் திறந்தது. தரையின் நிலைமையைச் சொல்லி மறுத்த வாதம் இதனால் பலவீனமானது.

கலைஞர்கள் வேறு ஊர்களில் பெரிய தற்காலிகப் படைப்புகளைச் செய்து காட்டினார்கள். 1983இல் மியாமி அருகே பிஸ்கெய்ன் விரிகுடாவில் தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணி விரித்தார்கள். 1985இல் பாரிஸின் பாலம் ஒன்றைத் துணியால் போர்த்தினார்கள். 1995இல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக். அந்தக் கடைசித் திட்டத்துக்கு 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றமே விவாதித்து வாக்களித்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. இரண்டு வாரம் நின்ற அதைப் பார்க்க 50 லட்சம் பேர் வந்தார்கள். கூட்டம் எப்படி நடந்துகொள்ளும், அகற்றிய பிறகு இடம் எப்படி இருக்கும் என்று நியூயார்க் அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு இப்போது கையில் சான்று இருந்தது.

சான்றுகள் எல்லாமே சாதகமானவை இல்லை. 1991இல் கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் ஒரே நேரத்தில் நிறுவிய 'குடைகள்' திட்டத்தில், கலிஃபோர்னியாவில் பலத்த காற்றில் பிடுங்கிக்கொண்ட ஒரு குடை பார்வையாளர் ஒருவரின் உயிரைப் பறித்தது. உடனே எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். ஜப்பானில் கழற்றும் வேலையின்போது ஒரு தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்தார். துணியும் காற்றும் சேரும் எந்தத் திட்டத்தையும் இதை நினைக்காமல் பரிசீலிக்க முடியாது.

அப்புறம் ஆட்சி மாறியது. 2002இல் பொறுப்பேற்ற மேயர், அதற்கு முன்பு கன்சர்வன்சியின் அறங்காவலர் குழுவில் இருந்தபோதே இந்தத் திட்டத்தை விரும்பியவர். இதை மறைத்துவிட்டு, விண்ணப்பம் திருந்தியதால் மட்டுமே அனுமதி கிடைத்தது என்று எழுதினால் அது பொய். சரியான நாற்காலியில் சரியான ஆள் உட்காருவது எல்லா ஊரிலும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் 1981இன் திட்டமே அப்படியே நிறைவேறியிருக்கும். அப்படி நடக்கவில்லை.

இரண்டாவது முடிவு: ஜனவரி 2003

2003 ஜனவரி 22 அன்று அனுமதி அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறத்தாழ 7,500 ஆகக் குறைந்தது. காலம் பிப்ரவரிக்கு மாறியது. அப்போது மரங்கள் இலையில்லாமல் நிற்கும், அதனால் நிறம் தூரத்திலிருந்தே தெரியும். வலசைப் பறவைகள் வந்திருக்காது. பூங்காவுக்கு வருகிறவர்களும் குறைவு. கலைஞர்களுக்கும் பூங்காவைக் காப்பவர்களுக்கும் ஒரே மாதம் பிடித்துப்போனது அதிர்ஷ்டம்.

துளைகளுக்குப் பதில் எஃகு அடித்தளங்கள் வந்தன. ஒரு வாயிலுக்கு இரண்டு வீதம், நடைபாதையின் ஓரத்தில் சும்மா வைக்கக்கூடியவை. ஒவ்வொன்றும் 279 முதல் 380 கிலோ வரை எடை. தரையில் ஒரு துளைகூடப் போடவில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் ஏறக்குறைய 4,800 டன் எஃகு தேவைப்பட்டது. 1981 அறிக்கையின் ஒரு கவலைக்குக் கொடுத்த விலை அது.

ஒப்பந்தம்தான் என் கண்ணில் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி. காப்பீடு கலைஞர்கள் பொறுப்பு. எந்த வழக்கும் நகராட்சியையோ கன்சர்வன்சியையோ தொடக்கூடாது. முழுவதும் அகற்றுவதற்குத் தேவையான தொகைக்கு முன்கூட்டியே பிணைப்பத்திரம். செடிகளையும் பாறைகளையும் தொடக்கூடாது. சிறிய வாகனங்கள் மட்டும், அவையும் இருக்கிற நடைபாதை மேல் மட்டும். காவல், அவசர ஊர்திகளுக்கு வழி. மேற்பார்வைச் செலவும் அவர்களுடையதே. அகற்றிய பிறகு பூங்காத் துறை வந்து பார்த்துத் திருப்தி என்று சொல்லும்வரை பிணைத்தொகை திரும்பாது. இதையெல்லாம் தாண்டிப் பூங்காவுக்கு 30 லட்சம் டாலர் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விதிகளில் ஒன்றுகூட 'இது கலையா?' என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தரை, வழி, பணம், முடிவுத் தேதி. மக்களின் ரசனை பிரிந்தே இருக்கும், அதை ஒப்பந்தத்தால் ஒன்றாக்க முடியாது. நடக்கும் வழி மறைக்கப்படாது, வரிப்பணம் போகாது, 27ஆம் தேதிக்குப் பிறகு இருக்காது என்று உறுதி கொடுக்க முடியும். கொடுத்தார்கள்.

நிறுவிய விதம்

முழு அளவு மாதிரிகளை முன்பே வேறொரு இடத்தில் நிறுத்திச் சோதித்திருந்தார்கள். அடித்தளங்களை 2005 ஜனவரியில் பூங்காவில் வைக்க ஆரம்பித்தார்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தூண்கள் எழுந்தன. ஒவ்வொரு வாயிலும் 4.87 மீட்டர் உயரம். அகலம் பாதைக்குத் தகுந்தபடி 1.68 மீட்டரிலிருந்து 5.48 மீட்டர் வரை. தாழ்ந்த கிளை வரும் இடங்களைத் தவிர மற்ற இடங்களில் 3.65 மீட்டருக்கு ஒன்று. துணியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் நின்றது. நடப்பவரின் தலைக்கு மேலே, கையை நீட்டினால் தொட்டுவிடும் அளவில்.

திறப்பு நாளில் ஏறக்குறைய 600 பேர் குழுக்களாகப் பிரிந்து துணிகளை அவிழ்த்தார்கள். முதல் துணியை அவிழ்த்தவர் மேயர். தொண்டர்கள் இல்லை, எல்லோருக்கும் சம்பளம். அதற்கப்புறமும் 16 நாளும் பணியாளர்கள் பாதைகளில் சுற்றிவந்தார்கள். கையில் நீண்ட கம்பு, அதன் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து. காற்றில் சட்டத்தின் மேல் சுற்றிக்கொண்ட துணியைக் கிழிக்காமல் தள்ளிவிடத்தான் அந்தப் பந்து.

இந்தப் பணியாளர்களைச் சும்மா கடந்துபோகக் கூடாது. பொது இடப் படைப்பில் எரிச்சலோ கேள்வியோ வந்தால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முகம் வேண்டும். பலகையோ துண்டுப்பிரசுரமோ அதைச் செய்யாது. துணி எதனால் ஆனது, எவ்வளவு செலவு, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். கூடவே, படைப்பில் பயன்பட்ட துணியின் சிறு சதுரங்களைப் பத்து லட்சம் அளவில் இலவசமாகக் கொடுத்தார்கள். நினைவுப்பொருள் வேண்டும் என்று யாரும் தொங்கும் துணியை அறுக்கத் தேவையில்லாமல் போனதற்கு இதுவும் காரணம் என்பது என் ஊகம். சில சதுரங்கள் உடனே இணையத்தில் விற்பனைக்கு வந்தன என்பது வேறு விஷயம்.

எதிர்வினைகள்: கவனித்தவை

வந்த எதிர்வினைகள் ஒரே வகையானவை இல்லை. எல்லாவற்றையும் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு குவியலாகப் போட்டால் எதுவும் தெரியாது.

முதலில் நிறம். கலைஞர்கள் அதைக் காவி என்றார்கள். இலையில்லாத கிளைகளுக்கு நடுவே தோன்றி மறையும் பொன்னிற ஆறு என்று வர்ணித்தார்கள். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அது வெறும் ஆரஞ்சு என்றார்கள். சாலைப்பணிக் கூம்பு, குளியலறைத் திரை என்றெல்லாம் கேலி வந்தது. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகள் விடவில்லை. மாசசூசெட்ஸில் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே குட்டி வாயில்களை நிறுத்திப் படம் எடுத்து வெளியிட, அதுவும் பெயர் வாங்கியது. இந்தக் கேலியை யாரும் அடக்கப் பார்க்கவில்லை. கேலி செய்கிறவரும் பார்க்க வந்தவர்தான்.

அடுத்தது பணம். 2.1 கோடி டாலரை இரண்டு வாரத் துணிக்கா செலவழிப்பது, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற வாதம். பொதுக் கலை எங்கே வந்தாலும் கூடவே வரும் கேள்வி இது. வரிப்பணமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி திட்டத்தையே விழுங்கியிருக்கும். அவர்கள் சொந்தப் பணம் என்பதால் ஒரு பதிலோடு முடிந்தது. கேட்டவருக்குத் திருப்தி வந்ததா என்பது வேறு, கேள்வி முட்டுக்கட்டை ஆகவில்லை.

மூன்றாவது, இதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி. கலைஞர்கள் எப்போதும் சொல்வது போலவே, எந்த அர்த்தமும் பயனும் இல்லை, அழகும் மகிழ்ச்சியும்தான் என்றார்கள். சிலருக்கு இது நிம்மதி, சிலருக்கு எரிச்சல். விமர்சகர்களும் பிரிந்தே நின்றார்கள். கடைசிவரை இது தீரவில்லை, தீரவும் வேண்டியதில்லை.

நான்காவது வகை இதிலிருந்தெல்லாம் வேறுபட்டது. அது பூங்காவைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுடையது: ஓடுகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், வெறுமையான பிப்ரவரிப் பூங்காவின் அமைதியை விரும்புகிறவர்கள். அவர்களுக்குத் துணியின் நிறம் பெரிய பிரச்சினை இல்லை. கூட்டம்தான். ஆளில்லாத பாதை திடீரென்று திருவிழா வீதி ஆகிவிட்டது. இது ரசனையைப் பற்றிய புகார் இல்லை, இடத்தைப் பற்றிய புகார். 'டில்டட் ஆர்க்' விஷயத்தில் கடைசியில் வென்றது இந்த வகைதான். இங்கே அது பெரிதாகாமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எல்லோருக்கும் முடிவுத் தேதி தெரியும். 16 நாள் பொறுத்துக்கொள்ளக்கூடியது.

நடந்து பார்த்த பிறகு மாறியவர்களும் இருந்தார்கள். படத்தில் பார்த்து முகம் சுளித்தவர் துணிக்கு அடியில் நடந்த பிறகு வேறு மாதிரி பேசினார். இதை மந்திரம் மாதிரிப் பெரிதாக்க வேண்டாம். படத்தில் தெரிவது ஒரே நேரத்தின் நிறம். நேரில் துணி காற்றில் மேலெழுந்து விழுகிறது, வெயில் பின்னாலிருந்து வரும்போது ஒளிர்கிறது, பனி விழுந்த நாளில் வெள்ளைக்கு நடுவே நிறமே மாறிவிடுகிறது. அந்த 16 நாளுக்குள் பனியும் விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் பாதையில் நின்று பேசிக்கொண்டார்கள் என்பதைப் பலரும் எழுதினார்கள். பிடிக்கவில்லை என்று பேச ஆரம்பித்தவர்களும் அதில் சேர்த்தி.

அகற்றலும் விளைவும்

27ஆம் தேதியோடு காட்சி முடிந்தது. மறுநாளே கழற்றத் தொடங்கினார்கள். நீட்டிக்கச் சொல்லிக் கேட்டால்கூட நீட்டிப்பது இந்தக் கலைஞர்களின் வழக்கமாக இருந்ததில்லை, அதுவே அவர்களுடைய ஒப்பந்தத்தின் நம்பகத்தன்மை. எஃகு, வினைல், நைலான் எல்லாம் மறுசுழற்சிக்குப் போயின. தரையில் துளை இல்லாததால் மூடுவதற்கும் எதுவும் இல்லை. பெரிய சேதமோ பெரிய குற்றமோ நடக்கவில்லை.

வந்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. நகரில் 25.4 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதார நடவடிக்கை நடந்ததாக நகராட்சி அறிவித்தது. நினைவுப்பொருள் விற்பனையில் வந்த பணத்தைக் கலைஞர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது நகரின் இயற்கைப் பாதுகாப்புக்கும் பூங்காவுக்கும் போனது.

பொருளாதார எண்ணை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பொய் என்பதற்காக இல்லை. வெற்றி என்று காட்ட அதைப் பிடித்துக்கொண்டால், அடுத்த கலைஞர் தன் படைப்பு எத்தனை ஓட்டல் அறைகளை நிரப்பும் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். 'கேட்ஸ்' அனுமதி பெற்றது அந்த வாதத்தில் இல்லை, தரையும் வழியும் பாதுகாக்கப்படும் என்ற வாதத்தில்.

இன்று செய்தால் மாற வேண்டியவை

மறுப்புக் கடிதம் எழுதும் முறை முதலில். 1981 அறிக்கை காரணங்களைச் சொன்னது நல்லது. ஆனால் எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் மறுபடி பரிசீலிப்போம் என்று அதே தாளில் எழுதியிருந்தால் இவ்வளவு நீண்ட இடைவெளி தேவைப்பட்டிருக்காது. ரைக்ஸ்டாக்கை நாடாளுமன்றம் வாக்கெடுத்துத் தீர்த்தது. அப்படி இல்லாமல், ஒரு பூங்காவுக்கு ஓர் ஆணையரும் ஒரு மேயரும் மாறும்வரை காத்திருக்கும் ஏற்பாடு ஆரோக்கியமானது இல்லை.

பொருள்களைப் பற்றிய கணக்கும் மாறிவிட்டது. 2005இல் எல்லாம் மறுசுழற்சிக்குப் போகும் என்பது போதுமான பதிலாக இருந்தது. இன்று, 16 நாளுக்காக அவ்வளவு எஃகும் புது வினைலும் தயாரிப்பதே முதல் கேள்வி ஆகும். 2021இல் அதே நகரின் மேடிசன் ஸ்கொயர் பார்க்கில் கலைஞர் மாயா லின் நிறுவிய 'கோஸ்ட் ஃபாரஸ்ட்' இதற்கு வேறு வழி காட்டியது. கடல்நீர் புகுந்து நியூஜெர்சியில் பட்டுப்போன 49 அட்லாண்டிக் வெண்தேவதாரு மரங்களைக் கொண்டுவந்து புல்வெளியில் நட்டார்கள். அதனால் ஆகும் கார்பனுக்கு ஈடாக நகர் முழுவதும் 1,000 மரங்களும் புதர்ச்செடிகளும் நடும் ஏற்பாட்டையும் சேர்த்தே அறிவித்தார்கள்.

கருத்துக் கேட்கும்போது ரசனையையும் பயன்பாட்டையும் தனித்தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'அசிங்கம்' என்பதற்குப் பதில் தேவையில்லை. 'சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை' என்பதற்கு அன்றே பதில் தேவை. இரண்டும் ஒரே பெட்டியில் விழுந்தால் இரண்டாவது காணாமல் போகும். பதிவு செய்யும் நேரமும் முக்கியம். மாலைக் கூட்டத்துக்கு வருகிறவரை மட்டும் கேட்காமல், காலை ஆறு மணிக்கு ஓட வருகிறவரிடமும் போய்க் கேட்க வேண்டும்.

கடைசியாகக் காற்று. 'கேட்ஸ்' காற்றைச் சமாளித்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 2006 ஜூலையில், இங்கிலாந்தின் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் பூங்காவில் காற்றடைத்த 'ட்ரீம்ஸ்பேஸ்' என்ற படைப்பு, உள்ளே மக்கள் இருக்கும்போதே கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு மேலெழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். துணியோ காற்றுப்பையோ உள்ள எந்தப் படைப்புக்கும் எந்தக் காற்று வேகத்தில் மூட வேண்டும் என்ற எண்ணும், அதை அளக்கும் கருவி எங்கே இருக்கும் என்பதும், மூடச் சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் நிற்கும் எந்தப் பணியாளருக்கு என்பதும் அனுமதிப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஆள் கலைஞரிடம் கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கக் கூடாது.